ஈரம் பார்த்த விரல்

அவருக்குக் கை கொடுத்தால் குலுக்க மாட்டார். உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துப் பார்ப்பார். "ஈரமா இருக்குதே சின்ன மொதலாளி, நனைஞ்சீங்களா?" என்பார். மனுஷனுக்குக் கை வேர்க்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சல் வரும். அதோடு விட்டாரா? கடைக்குள் வந்தால் கொடியில் தொங்கும் சட்டையைத் தொடுவார். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்து மருந்தை உருட்டிப் பார்ப்பார். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளையாவது தலை குளித்துவிட்டு ஓடி வந்தால் பிடித்து நிறுத்தி, முடிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அதன் தாயைக் கூப்பிட்டு ஏசுவார். அந்தத் தாய்க்கும் இவருக்கும் ஒட்டோ உறவோ கிடையாது.

மழையும் பனிமூட்டமும் இல்லாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அப்படிப்பட்ட ஊர் இலங்கை மலையகத்து நோர்வூட். அங்கே பிறந்து அங்கேயே வளர்ந்த ஒருவர் ஈரத்துக்குப் பயந்தால் என்ன செய்வது? தினமும் பயந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அவர் அப்படித்தான் இருந்தார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறார்கள். நான் சொல்லப்போகிற கதையில் திருட்டு என்று ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்லை அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில், இலையைக் காயவைக்கும் மெஷினுக்கு முன்னால் அவருக்கு வேலை. சூடாகக் கொட்டுகிற தேயிலையில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்து, "போகலாம்" என்றோ "இன்னொருக்கா" என்றோ சொல்ல வேண்டும். நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது அந்த இரண்டு வார்த்தைதான். மீதி நேரத்துக்குச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பசாருக்கு வந்து என் தலையில் கொட்டுவார்.

நாங்கள் பழகியதே காதில் தப்பாக விழுந்த ஒரு சொல்லால்தான். அப்பாவுக்கு நோர்வூட் பசாரில் புடவைக் கடை, வீடும் அதோடு சேர்ந்ததுதான். முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து கிடந்தது, துணி வாங்க ஆள் இல்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. கடையில் ஈ ஓட்டப் பிடிக்காமல், படம் பிடிக்கிற தொழில் செய்யப் போகிறேன் என்று ஒரு பழைய மரக் கேமராவை வாங்கி வைத்திருந்தேன். நல்ல தேக்கு மரம், தோல் துருத்தி, பித்தளைத் திருகு எல்லாம் இருந்தது. முன்னால் இருக்க வேண்டிய லென்ஸ் மட்டும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை.

ஒரு நாள் இவர் கம்பளி வாங்க வந்து, கடையிலுள்ள கம்பளியையெல்லாம் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவிடம், "கேமராவுக்கு ஒரு கண்ணாடி வாங்காம ஒண்ணும் நடக்காதுப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

இவர் கம்பளியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்.

"காம்பராவுக்கா? ஜன்னலு ஒடைஞ்சு போச்சுங்களா? கண்ணாடி வர்ற வரைக்கும் சும்மா விட்டுறாதீங்க. சாக்கு வச்சு அடைச்சிருங்க. பனி உள்ள வந்தா நெஞ்சுல கட்டிக்கும், ஆமா!"

தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு குடும்பம் சமைத்து, தின்று, படுத்து, பிள்ளை பெற்று வாழுகிற ஒற்றை அறைக்குக் காம்பரா என்று பெயர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேமராவைக் காட்டினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து, "இதுவும் காம்பராதானுங்களே. உள்ள இருட்டு, ஒரே ஒரு ஓட்டை, அது வழியா கொஞ்சம் வெளிச்சம். எங்களுது மாதிரியேதான்" என்றார். பிறகு விரலை உள்ளே விட்டுத் துருத்தியைத் தடவினார். "ஈரம் ஏறியிருக்கு. வெயில்ல வைங்க."

கடைசி வரைக்கும் அவர் அதைக் காம்பரா என்றுதான் சொன்னார். நானும் திருத்தவில்லை.

இந்த லென்ஸ் விவகாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் முன்னால் மூன்று வழி இருந்தது. கொழும்புக் கடை ஒன்றின் விலைப் பட்டியலில் ஒரு புது லென்ஸ். பல கண்ணாடி சேர்த்துச் செய்தது, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஊசி மாதிரி கூர்மையாக விழும், மூட்டமான பகலிலும் கண் சிமிட்டுகிற நேரத்தில் படம் பிடித்துவிடலாம். அதன் விலையைப் பார்த்துவிட்டுப் பட்டியலை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். இரண்டாவது, ஒற்றைக் கண்ணாடி லென்ஸ். மலிவு. ஆனால் உள்ளே போகிற வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். நல்ல வெயிலில் மலையையும் கோயிலையும் எடுக்கலாம், மலை ஆடாது. மூட்டத்தில் மனுஷனை நிறுத்தி வைத்துப் பத்து எண்ணினால் அவன் ஆடாமல் நிற்பானா? மூன்றாவதுதான் என்னைக் கெடுத்தது. ஊருக்குத் திரும்புகிற ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சாமான் ஏலம் என்று கேள்விப்பட்டேன். அதில் ஒரு லென்ஸ். தடித்த பித்தளைக் குழாய், இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் பெரிசுக்குக் கண்ணாடி. முகம் எடுப்பதற்கென்றே செய்தது, வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். பழசு என்பதால் என் கைக்கு எட்டும்.

ஏலம் வைத்த நாள் ஞாயிறு. ஒரு கண்ணாடியைப் பார்த்து ஈரம் சொல்ல இவரை விட்டால் ஆள் ஏது என்று இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குழாயைக் கையில் வாங்கிக் கண்ணாடியின் மேல் மெல்ல ஊதினார். ஆவி படர்ந்தது. அது எப்படி மறைகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மறுபடி ஊதினார். மூன்றாம் தடவை எனக்கும் காட்டினார். நடுவில் சட்டென்று மறைந்த ஆவி ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்ச நேரம் தங்கி நின்றது. அந்த ஓரத்தைச் சாய்த்துப் பிடித்தால், சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

"பூசணம்" என்றார். "வேர் விட்டுருக்கு. வேணாங்க, சின்ன மொதலாளி."

"தொடைச்சா போயிரும்ணே."

"தொடைச்சா போகும். ஈரம் பட்டா திரும்பி வரும். நம்ம ஊர்ல ஈரம் படாம எங்க கொண்டு போய் வப்பீங்க?"

அவர் சொன்னது காதில் விழுந்தது. ஏலக்காரன் கூப்பிட்டதும் காதில் விழுந்தது. நான் கையைத் தூக்கிவிட்டேன். பொறுமை என்பது எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குழாயைத் தன் கம்பளிக்குள் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, நான் பள்ளத்தில் கால் வைக்கும்போதெல்லாம் "பாத்து, பாத்து" என்றுகொண்டே வந்தார்.

அந்த லென்ஸைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். படம் விழுந்ததே ஒரு படம்! நடுவில் உட்காருகிற ஒரு முகத்தை அது எடுக்கிற அழகைப் பார்த்து நானே மயங்கிப் போனேன். பக்கத்து டவுன் ஹட்டனிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ஒரே குறை, ஓரம் மங்கும். கூட்டமாக நிற்க வைத்து எடுத்தால் நடுவில் உள்ளவனுக்கு மீசை மயிர் தெரியும், ஓரத்தில் நிற்கிறவனுக்கு மூக்கே தெரியாது. ஓரமும் தெரிய வேண்டுமானால் லென்ஸுக்குள் சின்ன ஓட்டை போட்ட தகட்டைச் சொருக வேண்டும். சொருகினால் வெளிச்சம் குறையும். அப்புறம் மூடியைத் திறந்து ஐந்து எண்ணும் வரைக்கும் எல்லோரும் கல்லாக நிற்க வேண்டும். கூட்டம் எடுத்தால்தானே அந்தத் தொல்லை என்று இருந்துவிட்டேன்.

ஆறு வாரத்தில் பூசணம் திரும்பி வந்தது.

அரிசிக்குள் போட்டு வைத்தேன். உப்பு வைத்தேன், எங்கள் ஊரில் உப்பே வேர்த்து ஊற்றும். பசாரில் தேயிலைத் தூள் வாங்கிச் சட்டியில் வறுத்துப் போட்டேன். புகை பிடித்துக் கண்ணாடியில் பிசுக்கு ஏறிவிட்டது. ஈரத்தை உறிஞ்ச மருந்துக்கடையில் ஏதோ ஒரு காரம் கிடைக்கும் என்றார்கள், அதுவும் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. காலையில் எழுந்து முதல் வேலையாக லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். அவருடைய வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். பின்னறைக் கதவைச் சாத்தச் சொன்னார். இடுப்பிலிருந்த வெற்றிலைச் சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். தேயிலைத் தூசு. சனிக்கிழமை மெஷினுக்கு அடியில் கொட்டியதைச் சூட்டோடு எடுத்துக் கட்டியது.

"மெஷின்லருந்து வந்த இலை குடிக்கிற மாதிரி ஈரத்த எதுவும் குடிக்காதுங்க. டப்பாவுல போட்டு, மேல துணி விரிச்சு, கண்ணாடிய வச்சு இறுக்கி மூடிருங்க. ஒரு வாரம் தாங்கும்."

ஒரு வாரம் தாங்கியது. பூசணம் நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் முடிச்சு வந்தது.

இரண்டாவது ஞாயிறா, மூன்றாவதா, அந்த முடிச்சை அவிழ்க்கும்போது அவர் சாத்திய கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "என்னண்ணே?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க. கீழ கொட்டுனத கூட்டி எருக்குழியில போடுறதுதானே. அதுலதான் ஒரு புடி" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எருக்குழிக்குப் போகிற தூசானாலும், ஸ்டோருக்குள்ளிருந்து ஒரு சிட்டிகை வெளியே போனால் அது திருட்டு. வாசலில் காவல்காரன் தடவித்தான் விடுவான். பிடிபட்டால் பத்துச்சீட்டு. வேலையை நிறுத்தி, பெண்டாட்டி பிள்ளையோடு லயத்தைக் காலி பண்ணச் சொல்லுகிற சீட்டு அது. ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், திருட்டுக்குச் சீட்டு வாங்கியவனை எந்தத் தோட்டம் எடுக்கும்?

"இனிமே வேணாம்ணே" என்று நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "இந்த ஒரு மாசம் மட்டும்ணே, ரெண்டு கல்யாணப் படம் இருக்கு" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு லென்ஸை வாங்கியது நான். அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் காவல்காரன் முன்னால் செத்துப் பிழைத்தது அவர்.

அவர் வீட்டுக்கு நான் போனதுண்டு. அவருடைய பெண்சாதி வாய் ஓயாத மனுஷி. என்னைத் தம்பி என்பார். ஒரு நாள் நான் படி ஏறும்போதே, "வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க. ஊர்ல உள்ள ஈரத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரே, கட்டுன பொஞ்சாதி மேல அந்த மனசுல கொஞ்சம் ஈரம் இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க!" என்றார். இவர் வெட்கப்பட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே சுவரில் ஒரு பக்கம் முழுக்க ஈரம் பூத்திருந்தது. அந்தப் பக்கம் யாரும் படுப்பதில்லை, சாமான்தான் இருக்கும். இவர் வெளியே போன பிறகு அந்த அக்காவே குரலைத் தாழ்த்திச் சொன்னார். மூத்தது பெண்பிள்ளையாம். மூன்று வயது. அந்தச் சுவர் ஓரம்தான் படுக்க வைத்தார்களாம். ஒரு மழைக்காலத்தில் மார்ச்சளி கட்டி நாலே நாளில் போய்விட்டதாம். "அதுலருந்து இப்படித்தான் தம்பி. எதையாச்சும் தொட்டுக்கிட்டே இருப்பாரு. நான் கிண்டல் பண்ணாட்டி இந்த மனுசன் அழுதுருவாரு."

அதற்குப் பிறகு அவர் என் உள்ளங்கையைத் தேய்க்கும்போது நான் கையை இழுத்துக்கொள்வதை விட்டேன். ஆனால் முடிச்சை வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் விரலைப் பற்றி ஸ்டோரில் ஒரு கதை உண்டு. ஒரு நாள் ரயிலுக்குச் சரக்குப் போக வேண்டிய அவசரம். இவர் "இன்னொருக்கா" என்று சொல்லிவிட்டார். டீமேக்கர், ஸ்டோருக்கே பெரியவர், வந்து கத்தியிருக்கிறார். "நேரம் இல்லே, போகலாம்னு சொல்லு!" இவர் விரலை நீட்டிக் காட்டி, "எனக்குப் படிப்பு இல்லீங்க ஐயா. இந்த வெரலு மட்டுந்தான். இது பொய் சொல்லாதுங்க" என்றாராம். சத்தம் கேட்டுத் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை வந்து, தேயிலையை நசுக்கி, முகர்ந்து, வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, இந்த ஆள் சொல்வதுதான் சரி என்றார். அன்றிலிருந்து பெட்டி மூடும்போது துரை கேட்பது ஒரே கேள்விதான். "அந்த விரல் பார்த்ததா?"

இப்படிப்பட்டவர்தான் எனக்காக வெற்றிலைக்கு அடியில் தூசு கட்டிக்கொண்டு வந்தார்.

ஸ்டோரில் ஒரு புது மெஷின் பூட்டினார்கள். அதன் ஞாபகமாக ஸ்டோர் ஆட்கள் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் வேண்டும் என்று பெரிய துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு துரை கூப்பிட்டால் அடுத்த தோட்டத்துத் துரையும் கூப்பிடுவார். கூட்டம் எடுக்கிற வேலை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சின்ன ஓட்டைத் தகடு, ஐந்து எண்ணும் நேரம். சரி, எப்படியாவது நிற்க வைத்துவிடலாம் என்று போனேன்.

அன்று வெளியே வெயில் இல்லை, மூட்டம். ஸ்டோர் முற்றத்தில் புது மெஷின் வந்த காலிப் பெட்டிகளை அடுக்கி இருபத்தெட்டுப் பேரை மூன்று வரிசையாக நிறுத்தினேன். இவர் பின்வரிசையில் இடது ஓரம். முன்வரிசை நடுவில் நாற்காலி, துரைக்கு. துரை உட்காராமல் கேமராவைப் பார்க்க என் பக்கம் வந்தார். நான் டப்பாவைத் திறந்து லென்ஸை எடுத்தேன்.

டப்பாவிலிருந்து வாசனை கிளம்பியது. எனக்குப் பழகிப்போன வாசனை, நான் அதை நினைக்கவே இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தேயிலையை முகர்ந்தே சம்பளம் வாங்குகிற மனுஷனுக்கு முன்னால் அந்த டப்பாவைத் திறந்தேன்.

துரை குனிந்து மூக்கை உள்ளே விட்டார். நிமிர்ந்தார். துரைமார் பேசுகிற அந்தக் கட்டைத் தமிழில், "இது எங்கே வாங்கியது?" என்றார்.

"பசார்ல சார்."

"பசார் தூள் இப்படி வாசம் வராது. இது என் தேயிலை. போன வாரத்துத் தேயிலை."

இருபத்தெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பின்வரிசையின் இடது ஓரத்தைப் பார்க்கவே கூடாது என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். துரை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்து, "எடு" என்றார்.

லென்ஸ் மூடியைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மூடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்தை நான் எண்ணியதில்லை.

அதற்குப் பிறகு வாசலில் எல்லோரையும் தடவினார்கள். வெற்றிலைப் பைகளைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். அன்று புதன்கிழமை, இவர் பையில் வெறும் வெற்றிலைதான் இருந்தது. நான் கேமராவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டீமேக்கர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தொரை ஏன் தகராறு பண்ணாம போயி ஒக்காந்தாரு தெரியுமா? 'நான் முன்னால ஒக்காந்திருந்தேன், பின்னால எவன் நடுங்குனான்னு எனக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்'னு அவரே சொன்னாரு. சனிக்கெழம படத்தோட வரச் சொன்னாரு."

வீட்டுக்கு வந்து பின்னறை ஜன்னலில் கம்பளியை மாட்டி, சிவப்பு விளக்கை ஏற்றி, படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டைக் கழுவினேன். மருந்துத் தண்ணீருக்குள் படம் மெல்ல மெல்ல எழுந்தது. துரை தெரிந்தார். டீமேக்கர் தெரிந்தார். சட்டைப் பொத்தானெல்லாம் எண்ணுகிற மாதிரி விழுந்திருந்தது. இருபத்தேழு பேரும் கல்லாக நின்றிருந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு சட்டைக்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். இரண்டு நெற்றி, மூன்று கண், வாய் எங்கே என்று தெரியவில்லை. ஐந்து எண்ணிய நேரம் முழுக்க மனுஷன் ஆடி நின்றிருக்கிறார்.

ஐயோ என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொழும்புப் பட்டியலில் இருந்த அந்த லென்ஸாக இருந்திருந்தால் கண் சிமிட்டுகிற நேரத்தில் முடிந்திருக்கும். அவர் நடுக்கம் பிளேட்டில் விழுந்திருக்காது. அந்த லென்ஸுக்கு டப்பாவும் வேண்டாம், தூசும் வேண்டாம். இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நான் எடுத்ததிலேயே நல்ல கூட்டப் படம் அதுதான். என் பெயர் ஹட்டன் வரைக்கும் போகும். அவர் குடும்பம் லயத்தை விட்டுப் போகும். அந்த ஒரு முகத்தை மட்டும் சுரண்டிவிடலாமா என்று பார்த்தேன். ஒரு முகத்தை மட்டும் சுரண்டினால் அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பொய் சொல்ல மாட்டேன், கொடுத்துவிடலாமா என்றும் கொஞ்ச நேரம் நினைத்தேன்.

அம்மா டீக்கு வைத்த வெந்நீர்க் கேத்தல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்து வந்து பிளேட் முழுக்க ஊற்றினேன். கண்ணாடியில் படத்தைப் பிடித்துவைத்திருந்த பசை இளகி, துரையும் டீமேக்கரும் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவராக வழிந்தார்கள். அழுதேன். அவருக்காகவா, என் முதல் நல்ல படத்துக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

சனிக்கிழமை அந்தப் பிளேட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். மூன்று நாளில் பசை காய்ந்து இறுகி, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி ஆகியிருந்தது.

"மன்னிக்கணும் சார். ஈரம் புகுந்து பிளேட் கெட்டுப் போச்சு. இன்னொரு படம் சும்மா எடுத்துத் தாரேன்."

துரை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஈரமா?" என்றார். "என் தேயிலையைப் போட்டு வைத்திருக்கிறாய். அப்புறம் எப்படி ஈரம்?"

"அது லென்ஸுக்கு மட்டுந்தான் சார்."

"இது சூட்டில் உருகின மாதிரி இருக்கிறது. நீ பொய் சொல்கிறாய்." டீமேக்கர் பக்கம் திரும்பினார். "அந்த விரலைக் கூப்பிடு."

சூட்டுக்கும் ஈரத்துக்கும் வித்தியாசம் சொல்ல அந்த மாவட்டத்திலேயே ஒரு ஆள்தான் இருந்தார், அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சூடு என்று சொன்னால் நான் வேண்டுமென்றே அழித்தேன் என்று ஆகிவிடும். யாரைக் காப்பாற்ற அழித்தாய், பெயரைச் சொல் என்று என்னைப் பிடித்துப் போலீசில் கொடுப்பார்கள். அங்கே போய் என் வாய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்கே தெரியாது. ஈரம் என்று சொன்னாலோ, துரை நம்ப வேண்டும். விரல் பொய் சொல்லிவிட்டது என்று ஒரு தடவை தெரிந்தால் அதற்கப்புறம் அந்த விரலுக்கு ஸ்டோரில் என்ன வேலை?

அவர் மெஷின் சூட்டில் முகம் சிவந்து வந்தார். என்னைப் பார்த்தார். துரைக்குக் கும்பிட்டார். துரை பிளேட்டை நீட்டினார்.

"இது எதால் கெட்டது? ஈரமா, சூடா? நீ சொன்னால் நான் நம்புகிறேன்."

அவர் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எப்போதும் துடைக்கிற மாதிரியே நிதானமாகத் துடைத்தார். வழிந்து இறுகிய பசையின் மேல் விரலை வைத்து வலது பக்கத்திலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தொட்ட மாத்திரத்திலேயே தெரிந்திருக்கும், சூட்டில் இருந்துதானே மனுஷன் வருகிறார். விரல் இடது ஓரத்துக்கு வந்து நின்றது. தான் நின்ற இடம். அந்த இடத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டார். இருபத்தெட்டுப் பேரையும் நான் ஏன் அழித்தேன் என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

"ஈரந்தாங்க தொரை" என்றார். குரல் நடுங்கவில்லை. "உள்ள நெறைய ஈரம் இருந்திருக்குங்க. இல்லேன்னா இப்படி ஆயிருக்காதுங்க."

துரை அவர் முகத்தைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். "சரி. வெயில் வரும்போது வேறு எடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் பிளேட்டை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். என் கை வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.